பட்டாணி உரிக்கும் பெண்

ஓவியக்கூடத்துக்குப் போகிறவர்கள் முதலில் காலணியைப் பற்றி யோசிக்க வேண்டும். படம் பார்ப்பது கண்ணால்தான் என்றாலும் நோவது என்னவோ கால்தான். பளிங்குத் தரை நடப்பதற்கு நன்றாக இருக்கும், நிற்பதற்கு ஆகாது. நான் எப்போதும் ரப்பர் அடி வைத்த காலணிதான் போடுவேன். அதில் சத்தம் வராது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களுக்கு நாலடி பின்னால் நடந்தும் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஒரு சின்ன விஷயத்துக்காக. பார்வையற்ற ஒரு முதியவரை ஒரு கிழவி ஓவியக்கூடத்தில் பின்தொடர்கிறாள் என்று அவர் தங்கியிருக்கும் விடுதிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். உண்மைதான். அந்த முதியவர் என் கணவர் என்பதை அவர்கள் எழுதினார்களா, தெரியவில்லை. ஏன் பின்தொடர்கிறேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹெர்மினே ப்ரோஹாஸ்கா. வயது எழுபது. கும்பென்டார்ஃபில் ஒரு மருந்துக்கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கணவர் அல்ஃபோன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நம் வியன்னா வழக்கம் உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட வாத்தியாரும் இங்கே புரொபசர்தான். அவருக்குப் பட்டம் கிடைத்தால் வீட்டுக்காரிக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். இறைச்சிக்கடையில், ரொட்டிக்கடையில், எங்கே போனாலும் நான் புரொபசரம்மா. தலைவலி மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் மேல் நான் எதையும் படித்ததில்லை.

அல்ஃபோன்ஸ் ஒவ்வொரு ஞாயிறும் ரிங் சாலையில் இருக்கும் அந்தப் பெரிய ஓவியக்கூடத்துக்குப் போவார். ஆண்டு அட்டை வைத்திருந்தார். நானும் கூடப் போவேன். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்து, எண் வில்லையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிவிடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். நான் இரண்டு அறை சுற்றுவேன், கால் வலிக்கும், கீழே வந்து கோட்டுகள் மாட்டும் இடத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே கோட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டென்கா ஒரு வாயாடி.

"என்ன புரொபசரம்மா, இன்னைக்கும் பெஞ்சுதானா? மேல ராஜா ராணி எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவங்களுக்கு என்னடி, சட்டத்துக்குள்ள சௌகரியமா உட்கார்ந்திருக்காங்க. எனக்குத்தான் பாதம் வீங்குது."

"உங்க வீட்டுக்காரர் இன்னும் அந்தப் பட்டாணிக்காரி முன்னாடிதான் நிக்கறாராம். நவ்ராட்டில் சொன்னான். ஜாக்கிரதையா இருங்க."

பட்டாணிக்காரி என்று அவள் சொன்னது ஒரு படத்தை. பதினான்காம் அறையில், சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் இருக்கும். சன்னலோரம் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான் படம். என் கணவர் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார். வாரா வாரம். நவ்ராட்டில் என்பவர் அந்த அறையின் காவலர், தங்கமான மனிதர், என் கணவருக்காக மடக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவார். அல்ஃபோன்ஸ் உட்கார மாட்டார்.

நான் ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். ஒருமுறை முதுகுவரை இருந்த என் கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். பதினொரு நாள் காத்திருந்தேன். அல்ஃபோன்ஸ் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஹெர்மி, பட்டாணிப் படத்தைச் சுத்தம் பண்ணியிருக்காங்க. சுவத்துல ஒரு ஆணி இருக்கு. இத்தனை வருஷம் தெரியாம இருந்துது" என்றார். அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். அவர் கெட்டவர் இல்லை ஐயா. கையோங்கியதில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போனதில்லை. அவருடைய கண் மட்டும் வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்த மாதிரி ஓய்ந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஓரங்களில் பார்வை கொஞ்சம் போயிருந்தது. டாக்டர் ஸைட்லர் அம்மா நல்ல மருத்துவர், பொறுமையாக விளக்கினார். தினமும் மாலை ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும், மிச்சம் உள்ள பார்வை கடைசிவரை இருக்கும் என்றார். பரிசோதனைக்காகக் கண்மணியை விரிய வைக்கும் சொட்டு விட்டிருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது, கூட இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அல்ஃபோன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டிராம் வேண்டாம், நடப்போம் என்று நான்தான் சொன்னேன். ஃபோக்ஸ்கார்ட்டன் பூங்கா வழியாக நடந்தோம். ரோஜாச் செடிகளுக்குக் குளிருக்காகக் கட்டிய சாக்குகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. "அங்க வரிசையா நிக்கறது யாரு?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல, ரோஜாச் செடிங்க. பள்ளிக்கூடப் பசங்க முகத்தை மூடிக்கிட்டு நிக்கற மாதிரி சாக்கு கட்டி வச்சிருக்காங்க. மூணாவது சாக்குல பிரேசில் காபின்னு எழுதியிருக்கு. அதுக்குள்ள இருக்கற ரோஜா பூத்தா காபி வாசனைதான் அடிக்கும்."

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. குதிரை வண்டிக்காரன் தொப்பிக்குள் பாதி வெள்ளரிக்காயை ஒளித்துவைத்துக் கடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அரண்மனை வாசலில் சீனத்துப் பெண் ஒருத்தி கல்யாண உடையோடு போட்டோவுக்கு நின்றாள், உடைக்குக் கீழே கம்பளிச் சராய் போட்டிருந்தாள், அதைச் சொன்னேன். நாங்கள் வழக்கமாகப் போகும் காபிக்கடையில் உட்கார்ந்தபோது அவர் என் கையை விடாமல் சொன்னார்: "ஹெர்மி, உனக்கு இவ்வளவு பேசத் தெரியுமா? முப்பத்தஞ்சு வருஷமா எங்க வச்சிருந்த இதையெல்லாம்?"

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இருந்ததில்லை. மாலை ஆறு மணிக்கு அவர் பார்வை திரும்பி வந்தது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போய்விட்டார்.

மருந்து விடும் வேலை என்னுடையது. அவருக்குக் கை நடுங்கும், எனக்கு அது தொழில். தினமும் ஏழு மணிச் செய்தி தொடங்கும்போது அவர் தலையைச் சாய்த்துக்கொள்வார், நான் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விடுவேன். கண் நன்றாக எரியும். "இந்தச் சனியன் மிளகாய்ப்பொடி மாதிரி இருக்கு" என்று காலைத் தரையில் உதைத்துக்கொள்வார். அந்த வருஷம் அக்டோபரில் ஒருநாள் உதைக்கவில்லை.

"இன்னைக்கு எரியலையே."

"கண்ணு பழகிடுச்சு" என்றேன்.

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எட்டரை மணிக்குக் காபி என்றால் எட்டரைக்குத்தான். ஒருநாள்கூட அந்த ஏழு மணியைத் தவறவிட்டதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவர் கண்ணைத் தொட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூடக் கண்ணில் சீழ் பிடிக்கவில்லை, சிவக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ஸைட்லரிடம் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் மட்டும் சரியான மருந்தை விடுவேன். அதனால் அழுத்தம் எப்போதும் ஒழுங்காகவே இருந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம், மற்ற வாரங்களில் உப்புத் தண்ணீர்தான். காய்ச்சி ஆறவைத்து அந்தக் குப்பியிலேயே ஊற்றி வைத்திருப்பேன். டாக்டரிடம் போகிற வாரம் எரிகிறதே என்பார், புதுக் குப்பி அப்படித்தான் என்பேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கப் போவதில்லை.

டாக்டர் அம்மாவுக்குக் குழப்பம்தான். அழுத்தம் சரியாக இருக்கிறது, பார்வை மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. ஒருநாள் ரொம்பத் தயங்கிக் கேட்டார். "புரொபசர், கோவிச்சுக்காதீங்க. மருந்து தினமும் விடறீங்கதானே? வயசானவங்க பல பேரு இங்க வர்ற வாரம் மட்டும்தான் ஒழுங்கா விடுவாங்க."

அல்ஃபோன்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டர், எனக்கு மருந்து விடறது என் பொண்டாட்டி. சூரியன் ஒருநாள் மறந்தாலும் மறக்கும், இவ மறக்க மாட்டா."

டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியே வந்ததும் அல்ஃபோன்ஸ் என் கையைத் தடவிக்கொடுத்தார். பிறகு ஒருமுறை அறுவைச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார்கள். என்ன செய்யலாம் என்று அவர் என்னைத்தான் கேட்டார். கண்ணில் கத்தி வைக்கிற விஷயம், அவசரப்பட வேண்டாம் என்றேன். அவரும் சரி என்றார். நான் சொன்னதை அவர் கேட்கத் தொடங்கியிருந்தார்.

மூன்றாவது குளிர்காலத்தில் அவருக்கு எழுத்து போயிற்று. நான்காவதில் முகங்கள் போயின. கடைசியில் இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. இதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறுகிறது. ஆனால் அந்த வருஷங்களை நீங்கள் பார்க்கவில்லை. எங்களை மாதிரி வியன்னாவைச் சுற்றியவர்கள் யாரும் இல்லை. ஞாயிறு மட்டும் இல்லை, புதனும் வெள்ளியும்கூடப் போனோம். புதிதாக எந்தக் கண்காட்சி திறந்தாலும் முதல் வாரத்திலேயே எங்களைப் பார்க்கலாம். வெள்ளைக்கோல் வைத்திருப்பவரையும் கூட வருகிறவரையும் வரிசையில் நிற்க விடமாட்டார்கள், நேரே உள்ளே போகலாம். கார்ல் தேவாலயத்தின் கூரைவரை ஏறி, அங்கே வரைந்த தேவதைகளில் யாருக்கெல்லாம் பாதம் அழுக்காக இருக்கிறது என்று சொன்னேன். டான்யூப் கால்வாயில் படகில் போனோம். சுவரில் பையன்கள் கிறுக்கி வைத்திருந்ததை வரி விடாமல் படித்தேன், அதில் கெட்ட வார்த்தைகளும் இருந்தன, அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்குக் கலை தெரியாது. எந்த நூற்றாண்டு, எந்த நாட்டுப் பாணி, ஒன்றும் தெரியாது. எனக்குக் கண்ணில் படுவதைச் சொல்வேன். இந்தச் சீமானின் சட்டைக்கை இஸ்திரி போடாதது. இந்தப் பெண் முந்தின ராத்திரி தூங்கவில்லை. இந்த மாதாவின் மடியில் இருக்கும் குழந்தை நிச்சயமாக இன்னொருத்தியுடையது, அவள் அதைப் பிடித்திருக்கும் விதம் அப்படி. அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். "நாப்பது வருஷம் பாத்தேன், இது எனக்குத் தெரியலையே ஹெர்மி" என்பார். என்னைச் சுற்றி நாலைந்து பேர் நின்று கேட்கத் தொடங்கினார்கள். ஸால்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி நான் வழிகாட்டி என்று நினைத்து அடுத்த சுற்று எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். ஸ்டென்கா கீழேயிருந்து கத்துவாள்: "என்ன புரொபசரம்மா, பெஞ்சு உங்களைத் தேடுதே!" நான் படியேறிப் போய்க்கொண்டே இருப்பேன். கால் வலித்ததாக நினைவே இல்லை.

கடைசியில் எப்போதும் பதினான்காம் அறை. பட்டாணிக்காரி. முதலில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். பிறகு, அவருக்கு முகங்கள் போன அந்தக் குளிர்காலத்தில், ஒருநாள் அவளுக்கு ஒரு பச்சைச் சால்வை போர்த்திவிட்டேன். இதோ இந்தச் சால்வைதான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவள் தலையைக் கொஞ்சம் திருப்பினேன். கோடைக்காலம் வருவதற்குள் அவள் முழுதாக எங்கள் பக்கம் திரும்பிவிட்டாள். கழுத்தோடு வெட்டிய கூந்தல், வலது புருவத்துக்கு மேல் சின்ன வடு. என் புருவத்தில் இருப்பது மாதிரி. அவர் அந்த இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் என்னைப் பார்த்தார் ஐயா. கண் போன பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

இந்த வருஷம் ஜனவரியில் எங்கள் வீட்டு வாசல்படியில் பனி உறைந்திருந்தது, அல்ஃபோன்ஸ் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கே மாலையில் நர்ஸ்கள்தான் மருந்து விட்டார்கள், அவர்களுடைய குப்பியிலிருந்து. நான் அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டேன். அவருக்கு உள்சட்டையும் எலுமிச்சைக் கேக்கும் கொண்டுபோவதிலேயே என் புத்தி இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று ஏழு மணிக்குத் தலையைச் சாய்த்தார். நான் இரண்டு சொட்டு விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். செய்தி முடிந்து வானிலை அறிக்கையும் முடிந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்துப் போர்வை எடுத்து வந்தேன். "தூங்கல ஹெர்மி" என்றார்.

அந்த வாரத்திலிருந்துதான் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பட்டாணிக்காரியைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் கேட்பார்: "அவ்வளவுதானா? வேற ஏதாவது விட்டுப்போச்சா?" நான் தேடிப் பார்த்து எதையாவது சொல்வேன். சன்னலில் ஒரு ஈ இருக்கிறது. கிண்ணத்தில் ஒரு கீறல். அவர் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதும் ஒருமுறை ஸ்பூனை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஹெர்மி, என்கிட்ட சொல்ல எதுவும் விட்டுப்போச்சா?" உப்புக் கொஞ்சம் கம்மியாகப் போட்டேன் என்று சொன்னேன். அவர் மெலிந்துகொண்டே வந்தார். மணிக்கட்டு வலி என்று நினைத்தேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு பதினான்காம் அறைக்குப் போனால் பட்டாணிக்காரி இல்லை. ஓவியக்கூடங்கள் ஒன்றுக்கொன்று படம் கடன் கொடுத்துக்கொள்ளும், அது சாதாரணம். சுவரில் அவள் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு சின்ன அட்டை: மாட்ரிட் கண்காட்சிக்குச் சென்றுள்ளது, அக்டோபரில் திரும்பும். அல்ஃபோன்ஸ் வழக்கமான இடத்தில் நின்று காத்திருந்தார். ஆறு மாதம் அவள் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு பச்சைச் சால்வையிலிருந்து தொடங்கினேன். சொல்லப்போனால் படம் இல்லாதபோது இன்னும் சுலபமாக வந்தது. அடுத்த ஞாயிறும் சொன்னேன். அதற்கடுத்ததும்.

ஏழாவது ஞாயிறு, மே மாதம், காபிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சன்னலோர மேசை. அல்ஃபோன்ஸ் தண்ணீர் டம்ளரைக் கையால் தேடிப் பிடித்து ஒரு மிடறு குடித்தார்.

"படம் அங்க இல்ல ஹெர்மி."

நான் சர்க்கரையைக் காபியில் போட்டுக் கலக்கினேன்.

"முதல் வாரமே நவ்ராட்டில் கீழ வந்து சொல்லிட்டான். நீ கோட்டு குடுக்கப் போயிருந்த. மாட்ரிட்டுக்குப் போயிருக்காம்."

"உனக்கு ஏமாத்தமா இருக்குமேன்னுதான்…"

"தெரியும். அதுக்கு நான் கோவிக்கல. சால்வைக்கும் கோவிக்கல. அவ திரும்ப மாட்டான்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா அந்த முதுகைப் பாத்தவன். நீ சொல்றது நல்லா இருந்துது, கேட்டுக்கிட்டிருந்தேன்." அவர் டம்ளரைத் தட்டில் வைத்தார், அது சரியாக உட்காரவில்லை, தண்ணீர் சிந்திற்று. "ஆஸ்பத்திரியில மருந்து எரிஞ்சுது ஹெர்மி. டாக்டர்கிட்ட போற வாரம் தவிர அஞ்சு வருஷமா எரியாத மருந்து. மூணு நாளும் எரிஞ்சுது. வீட்டுக்கு வந்தா எரியல."

பரிமாறுகிறவர் பக்கத்து மேசையில் கேக்கை வைத்துவிட்டுப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"ஜனவரியிலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேன். நீயா சொல்லுவேன்னு. சொன்னா மன்னிக்கணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். தினமும் காலையில அதை நினைச்சுக்கிட்டேதான் எழுந்துப்பேன். நீ ஈயைப் பத்திச் சொன்ன. கிண்ணத்தைப் பத்திச் சொன்ன."

அவர் அழுதார். பார்வை போன கண்ணிலும் கண்ணீர் வரும், மருந்துக்கடையில் வேலை பார்த்த எனக்கு அது தெரிந்ததுதான். இருந்தாலும் பார்க்க முடியவில்லை. நான் வெளியே பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். "கிளம்பலாமா? மழை வரும்போல இருக்கு" என்றேன்.

அவர் கையை மேசைமேல் திருப்பி வைத்தார், உள்ளங்கை மேலே இருக்கும்படி.

"வெயில் என் கையில அடிக்குது ஹெர்மி."

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு டாக்சி வரவழைக்கச் சொன்னார். ஒருவருக்கு மட்டும் என்று சொன்னார். பரிமாறுகிறவர் இருபது வருஷமாக எங்களைத் தெரிந்தவர், என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். புரொபசருக்குக் கோட்டு மாட்டிவிட்டது அன்று நான் இல்லை.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, உங்களிடம் வரவில்லை. ஹீட்ஸிங் பக்கம் பார்வையற்றோர் விடுதி இருக்கிறதே, அங்கே சேர்ந்துகொண்டார். நான் போய்க் கேட்டபோது நிர்வாகி அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினார். "உங்களுக்கு உடம்பு முடியல, அவரைப் பாத்துக்கறது சிரமம்னு புரொபசர் சொன்னார். இத்தனை வருஷம் நீங்க பண்ணினது பெரிய விஷயம்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்படிச் சொல்லியிருக்கிறார். அன்பு இல்லாவிட்டால் அப்படிச் சொல்வாரா? ஆனால் என்னைப் பார்க்க மட்டும் அவர் கீழே இறங்கி வரவில்லை. வரவேற்பறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப்போக யெலேனா என்று ஒரு கல்லூரி மாணவி வருகிறாள். சம்பளம் இல்லாமல் செய்கிறாள், நல்ல பெண்தான். ஆனால் அவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை. "இங்க ஒரு மலை. இங்க ஒரு மாடு" என்று சொல்லிக்கொண்டு போகிறாள். எத்தனையோ தடவை என் வாயை நானே பொத்திக்கொண்டேன். நாலடி பின்னால் நடப்பேன், அவ்வளவுதான். யாரையும் தொட்டதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மாதம் பட்டாணிக்காரி திரும்பி வந்துவிட்டாள். அந்த ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் பதினான்காம் அறைக்குப் போனார்கள். நவ்ராட்டில் மடக்கு நாற்காலி போட்டார். அல்ஃபோன்ஸ் உட்காரவில்லை.

"ஒரு அம்மா பட்டாணி உரிக்கிறாங்க" என்றாள் யெலேனா.

"முகம் தெரியுதா?"

"இல்லையே தாத்தா, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்காங்க."

"சால்வை?"

"சால்வை எதுவும் இல்ல. பக்கத்துல ஒரு நாற்காலி இருக்கு. காலியா."

அவர் ரொம்ப நேரம் நின்றார். கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டேன், அப்படியும் ஒரு விசும்பல் வெளியே வந்துவிட்டது. அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "பின்னாடி யாராவது நிக்கறாங்களா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வயசானவங்க. அழறாங்க, பாவம்."

"என்ன போட்டிருக்காங்க?"

"கறுப்புக் கோட்டு. மேல சாம்பல் கலர்ல ஒரு சால்வை."

அல்ஃபோன்ஸ் கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்போ வேற யாரோ" என்றார். "வாம்மா, அடுத்த அறைக்குப் போகலாம்."

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பெண்தான் விடுதியில் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்கள். எனக்கு அவள்மேல் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். பச்சை என்று அவள் சொல்லியிருந்தால் அவர் திரும்பியிருப்பார், வீட்டுக்கு வந்திருப்பார். நீங்களே பாருங்கள் ஐயா, இது என்ன நிறம்? சன்னல் பக்கம் பிடித்துக் காட்டுகிறேன். இருபது வருஷமாகத் துவைத்துத் துவைத்துப் போர்த்துகிறேன், இன்னும் பச்சைதான். நீங்கள் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவருடைய கண்ணை எடுத்தது நான்தான், ஐந்து வருஷம், ஒருநாள் விடாமல். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த விடுதியில் அவருடைய ஏழு மணி மருந்தை எட்டு மணிக்குத்தான் விடுகிறார்களாம். கண் விஷயத்தில் இப்படி அலட்சியமாக இருக்கலாமா?